மேல்தட்டு ஒழுகுகிறது: கிளறலாமா?

உப்புவெளி வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். 2 வருடத்துக்கு முன் வீட்டு மேல்தட்டுக்கு வாட்டர்புரூஃப் செய்த ஒப்பந்தக்காரர், '5 வருடத்துக்குள் ஒழுகினால் நானே செய்து தருவேன்' என்று பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தாராம். போன மாரியில் இரண்டு அறையிலும் ஒழுக்கு. ஆள் போன் எடுப்பதில்லை, கேட்கப் போன அண்ணனை ஏசியும் அனுப்பினார். கார்த்திகை மழைக்கு முன் வேறு ஆளைப் பிடித்துக் கிளறிப் புதிதாகச் செய்து, அந்தச் செலவுக்கு வழக்குப் போடலாமா என்று கேட்கிறார். இடையில் மேல்தட்டில் சோலர் ஸ்டாண்ட் பூட்டியதையும் ஒரு வரியில் சொல்லியிருக்கிறார்.

ஏச்சு வழக்குக்கு உதவாது, பில்லின் பின்பக்கம் உதவும். எழுதிக் கொடுத்த வாக்குறுதி மீறப்பட்டால் வழக்குப் போட 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி 6 வருடம் இருக்கிறது. வாய்ப்பேச்சாக இருந்தால் 3 வருடம்தான். கோரிக்கைக் கடிதம், சமரசம் பேசும் மத்தியஸ்த சபை எல்லாம் வழமைபோல.

கிளறுவதுதான் பிரச்சினை. என்னிடம் வந்த ஒருவர் எல்லாவற்றையும் உடைத்துப் புதிதாகப் போட்ட பிறகு, ஈரச்சுவர்ப் படங்கள் நாற்பதோடு வந்தார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: தண்ணீர் எந்த வழியாக இறங்கியது? படம் ஈரத்தைக் காட்டும், வழியைக் காட்டாது. ஃபேன் கொக்கியில் சொட்டினால் வெடிப்பு அதற்கு நேர் மேலேதான் என்றில்லை, கரண்ட் பைப் வழியே எங்கிருந்தோ ஓடி வந்திருக்கும். பழைய தட்டு போனதோடு அவருடைய பதிலும் போய்விட்டது.

உங்கள் வழக்கில் அந்தக் கேள்வி இன்னும் மோசம். ஸ்டாண்ட் பூட்ட துளைத்தீர்கள்தானே? 'என் வேலை சரி, அவர்கள் போட்ட ஓட்டைதான்' என்பார் ஒப்பந்தக்காரர்.

ஆகவே முதலில் ஒரு பொறியியலாளரைப் பிடியுங்கள். அவர் வரும் நாளை ஒப்பந்தக்காரருக்குப் பதிவுத்தபாலில் அறிவியுங்கள். வராவிட்டால் அது அவர் பாடு. மழை விட்டு 2 நாளாகியும் தண்ணீர் தேங்கும் இடம், கொப்பளித்த பூச்சு, பரப்பெட் சுவர் (மேல்தட்டின் ஓரக் கட்டைச்சுவர்) தட்டோடு சேரும் மூலையில் வெடிப்பு, கீழே சீலிங்கில் வெள்ளையாக உப்புப் பூத்த இடம், ஒவ்வொன்றையும் அளவோடு எழுதச் சொல்லுங்கள். போல்ட் துளைகளைத் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை மேலே தறப்பாள் விரியுங்கள், போதும்.

துளையிலும் கசிவு என்று அறிக்கை வந்தால், சரி, வழக்கை விடுங்கள். சாமான் உங்களுடையது, கூலி அவருடையது என்று எழுத்தில் சமாதானம் பேசி முடியுங்கள். வேலை முடிந்ததும் தட்டில் ஒரு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகுதான் சாமான் கடைக்கு மிச்சக் காசு.