பாங்காக்கில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எந்தக் கோயில்களைப் பார்ப்பது?

நான்கு இடம் போதும். பத்து இடம் என்று பட்டியல் போட்டு ஓடினால் எதுவும் மனதில் நிற்காது.

காலை எட்டரைக்குத் திறக்கும்போதே அரச அரண்மனை (கிராண்ட் பேலஸ்) வாசலில் இருங்கள். முழங்கால், தோள் மூடிய உடை வேண்டும். வெளியே யாராவது "இன்று விடுமுறை, வேறு கோயில் காட்டுகிறேன்" என்றால் நம்பாதீர்கள். முதல் பயணத்தில் அப்படி ஒருவர் பேச்சைக் கேட்டு ஆட்டோவில் ஏறி, அரை நாளை ஒரு நகைக்கடையில் தொலைத்தேன்.

அரண்மனைக்குள் உள்ள கோயிலில் இருக்கும் பச்சைப் புத்தர் சிலை 66 செ.மீ. உயரம்தான். வெயில், மழை, குளிர் என ஆண்டுக்கு மூன்று முறை அவருக்கு ஆடை மாற்றுவார்கள். அவரைப் பார்த்ததும் கிளம்பிவிடாமல் பிரகாரச் சுவரைச் சுற்றி வாருங்கள். 178 ஓவியங்களில் தாய்லாந்து ராமாயணமான ராமகியன் விரிகிறது. அவர்கள் கதையில் அனுமன் வெள்ளை நிறம், ஒரு மச்சகன்னியைக் காதலிக்கவும் செய்கிறார்!

அங்கிருந்து நடந்தே வாட் போ போகலாம் ('வாட்' என்றால் கோயில்). 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தரின் முகத்தைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். தயவுசெய்து பாதத்தருகே போய் நில்லுங்கள். உள்ளங்காலில் 108 மங்கலச் சின்னங்களைக் கிளிஞ்சலில் இழைத்திருக்கிறார்கள். ஓரடி நகர்ந்தால் வெள்ளை இளஞ்சிவப்பாகும், இன்னோரடிக்குப் பச்சையாகும். பின்பக்கம் 108 கிண்ணங்களில் காசு விழும் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அப்புறம் படகில் ஆற்றைக் கடந்தால் வாட் அருண். தூரத்தில் கல் மாதிரி தெரிகிற கோபுரம், கிட்டே போனால் பீங்கான் துண்டுகளால் ஆன பூக்கள்.

மாலையில், பலர் வண்டியிலிருந்தே பார்த்துவிட்டுப் போகும் சிவப்பு நிற ராட்சத ஊஞ்சல். 1935 வரை இதில் ஆடிய விழாவுக்குத் திரியம்பாவாய் என்று பெயர். ஆமாம், நம் திருவெம்பாவைதான்! அதன் பக்கத்திலேயே அரசவைப் பிராமணர்களின் கோயில் இருக்கிறது. அவர்கள் வழிபாட்டில் நம் பாவைப் பாடல்கள், உச்சரிப்பு மாறிப்போய், மந்திரமாக இன்னும் ஒலிக்கின்றன. மார்கழியில் அம்மா "ஏலோர் எம்பாவாய்" என்று முடிப்பதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்த ஊஞ்சல் தூணடியில் நின்றபோது தொண்டை அடைத்துவிட்டது.