விரல் ஜவ்வைப் பார்த்து நாய் வாங்காதீர்கள்

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்பில் குடியிருக்கிறோம். தோப்பில் ஷீட் விரித்த பண்ணைக்குட்டை இருக்கிறது. போன வாரம் எங்கள் பக் நாய் அதில் விழுந்துவிட்டது. வேலைக்கு வந்தவர் பார்த்துத் தூக்கியதால் பிழைத்தது. இப்போது ஒரு புரோக்கர் 35 நாள் லேப்ரடார் குட்டியைக் கொண்டுவந்து, விரலை விரித்துக் காட்டி, "ஜவ்வு பாருங்க, பிறவி நீச்சல். குழந்தைங்க விழுந்தாலும் இழுத்துட்டு வந்துரும்" என்கிறார். அதற்காகவே 10,000 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார். வாங்கலாமா? பக்குக்கு நீச்சல் பழக்க முடியுமா?

பதில்: ஜவ்வுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். விரல்களுக்கு நடுவே ஜவ்வு எல்லா நாய்க்கும் உண்டு, உங்கள் பக்குக்கும் உண்டு. லேப்ரடார், நியூஃபவுண்ட்லேண்ட் போன்ற இனங்களில் அது விரல் நுனிவரை நீண்டிருக்கும். காலைப் பின்னால் தள்ளும்போது விரல்கள் விரிந்து ஜவ்வு துடுப்பு மாதிரி தண்ணீரைத் தள்ளும். முன்னால் கொண்டுவரும்போது மடங்கிக்கொள்ளும். உதவிதான், ஆனால் சின்ன உதவி. அதுவும் 35 நாள் குட்டியின் பாதத்தை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

ஜவ்வு மட்டும் போதுமென்றால் டாஷ்ஹண்டும் நன்றாக நீந்த வேண்டும். அதன் பாதத்தை விரித்துப் பாருங்கள், தெளிவாக ஜவ்வு தெரியும். ஜெர்மனியில் வளைக்குள் புகுந்து வேட்டையாட வளர்த்த இனம் அது. அகலமான பாதம் மண்ணைத் தள்ள. தண்ணீரில் விட்டால் என்ன ஆகிறது? கால் நீளம் சில அங்குலம்தான், ஒவ்வொரு தள்ளலிலும் நகரும் தூரம் குறைவு. உடலோ நீளம், முதுகெலும்புத் தட்டுகள் பலவீனமான இனம் என்பதால் பதறித் துடிக்கும்போது இடுப்பே பிடித்துக்கொள்ளலாம். இதே புரோக்கர் நாளைக்கு உங்கள் பக்கத்துத் தோப்பில் டாஷ்ஹண்டின் விரலை விரித்துக் காட்டி அங்கேயும் இதே வசனத்தைப் பேசுவார்.

நீச்சலை முடிவு செய்வது முதலில் மூக்கு. நாய் நீந்தும்போது தலையின் மேல்பாதி மட்டும்தான் வெளியே இருக்கும். லேப்ரடாருக்கு முகம் நீளம் என்பதால், தலையை லேசாக நீட்டினாலே மூக்கு தண்ணீருக்கு மேலே வந்துவிடும். முதுகு தண்ணீர் மட்டத்தோடு படுத்திருக்கும். நான்கு காலும் சீராகத் தள்ளும். பக், புல்டாக், பிரெஞ்ச் புல்டாக் எல்லாம் தட்டை முகம். மூக்கை வெளியே வைக்கத் தலையை அண்ணாந்து தூக்க வேண்டும். தூக்கியதும் பின்பாகம் அமிழ்ந்து, உடம்பு செங்குத்தாகிவிடும். முன்காலால் தண்ணீரை அடிக்கும், நகராது. அதன்மேல் மூக்குத் துளை சிறிது, தொண்டைக்குள் மேலண்ணத் தசை நீளம். தரையிலேயே மூச்சுக்குத் திணறும் நாய் அது. ஆகவே உங்கள் பக்குக்கு நீச்சல் பழக்காதீர்கள். லைஃப் ஜாக்கெட் போட்டும் வேண்டாம்.

நன்றாக நீந்துகிறதா என்று பார்க்க எளிய வழி: முன்பாதங்கள் தண்ணீருக்கு வெளியே வந்து "சளப் சளப்" என்று அடித்தால் அந்த நாய் நீந்தவில்லை, தத்தளிக்கிறது. எந்த இனமாக இருந்தாலும் உடனே வெளியே எடுத்துவிடுங்கள்.

அடுத்தது ரோமமும் வாலும். லேப்ரடாரின் முன்னோர் கனடாவின் நியூஃபவுண்ட்லேண்ட் தீவில் மீனவர்களோடு குளிர்ந்த கடலில் வலை இழுத்தவை. அதனால்தான் அதற்கு இரட்டை ரோமம்: மேலே குட்டையான முரட்டு ரோமம், அடியில் எண்ணெய்ப்பசையுள்ள மெத்தென்ற ரோமம். காற்று அதற்குள் தங்குவதால் தோலை எளிதில் தண்ணீர் தொடாது. வாரா வாரம் ஷாம்பூ போட்டால் அந்தப் பசை போய்விடும். வெயில் என்று மொட்டையடித்தால் மொத்தமும் போய்விடும். வால் அடியில் தடித்து நுனியில் கூம்பும், அதை நீர்நாய் வால் என்பார்கள். திரும்புவதற்கு உதவும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி மாதிரியான நம் ஊர் வேட்டை நாய்கள் நீந்தும். ஆனால் கொழுப்பும் அடிரோமமும் இல்லாத உடம்பு, சீக்கிரம் தாழும், சீக்கிரம் குளிரெடுக்கும்.

குழந்தையை இழுத்து வருமா? வராது என்றே எண்ணுங்கள். பழக்காத நாய் தண்ணீரில் தவிக்கும் குழந்தையின் மேல் ஏறத்தான் பார்க்கும், நகம் பட்டுக் காயமாகும். குழந்தைகளுக்கு வேலிதான் காவல்.

இந்தக் குட்டியை வாங்கலாமா என்றால், கூடாது. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதிப்படி 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்கக்கூடாது. வளர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். விதி வந்து இத்தனை வருடமாகியும் வாட்ஸ்அப்பில் 30 நாள் குட்டி பட்டப்பகலில் கைமாறுகிறது. கேட்க வேண்டியவர்கள் கேட்பதில்லை, பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து சாகக் கிடக்கும் குட்டியைத் தூக்கிக்கொண்டு வாங்கியவர்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார். "ஊசி போட்டாச்சு" என்றால் அட்டையைக் கேளுங்கள். மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், பேட்ச் எண், மருத்துவர் கையெழுத்து, பதிவு எண் நான்கும் வேண்டும். "கேசிஐ பேப்பர் இருக்கு" என்பார். இந்திய கென்னல் கிளப் தரும் அந்தச் சான்று தாய் தகப்பன் வம்சத்தைச் சொல்லும், நீச்சலைச் சொல்லாது. அதைவிட, தாய் நாயை நேரில் பார்த்து, தாய் தகப்பன் இரண்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். லேப்ரடாரில் இடுப்பு மூட்டுக் கோளாறு சகஜம். இந்தக் கேள்வியைக் கேட்டதுமே பல புரோக்கர்களுக்கு வேறு வேலை வந்துவிடும்.

இனி முக்கியமான விஷயம், உங்கள் குட்டை. எவ்வளவு நன்றாக நீந்தும் நாயும் ஷீட் விரித்த சரிவில் ஏற முடியாது. பாசி படிந்த ஷீட்டில் நகம் பிடிக்காது. விழுந்த இடத்திலேயே ஏறப் பார்த்து, வழுக்கி, மறுபடி அங்கேயே வந்து, சோர்ந்துதான் மூழ்கும். மனிதரும் அப்படித்தான். மானியம் கொடுத்துக் குட்டை வெட்ட வைக்கிறார்கள், படம் பிடித்துக் கோப்பை முடிக்கிறார்கள். ஏற வழி இருக்கிறதா என்று எத்தனை பேர் குனிந்து பார்க்கிறார்கள்?

உங்கள் ஊரில் தென்னை நாருக்கா பஞ்சம்? 3 அடி அகலமுள்ள கயிற்று விரிப்பை எதிரெதிர் இரண்டு கரையிலாவது மேலிருந்து குட்டையின் அடிவரை தொங்கவிடுங்கள். மேல்முனையைக் கரையிலிருந்து 2 அடி தள்ளி முளையடித்துக் கட்டுங்கள். ஷீட்டில் ஆணி படக்கூடாது. கீழ்முனையில் மணல் நிரப்பிய சாக்கு கட்டினால் மிதக்காது. குறுக்கே அரை அடிக்கு ஒரு தடித்த கயிறு கட்டுங்கள், பாதம் அதில்தான் பிடிக்கும். பலர் செய்யும் தவறு, விரிப்பைத் தண்ணீர் மட்டத்தோடு நிறுத்துவது. மிதக்கும் நாயின் கால் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. மேலே இருப்பது அதற்கு எட்டாது. கோடையில் மட்டம் இறங்கும் என்பதாலும் அடிவரை வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை இழுத்துப் பாருங்கள், இற்றுப்போயிருந்தால் மாற்றுங்கள். சுற்றிலும் 4 அடி வேலி. பக் நுழையாதபடி கீழே இடைவெளி இல்லாமல் போடுங்கள்.

பக் விழுந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. இருமல், காய்ச்சல், மூச்சிரைப்பு எதுவும் இல்லையென்றால் பயமில்லை. ஏதாவது ஒன்று இருந்தாலும் இன்றே நெஞ்சு எக்ஸ்ரே எடுங்கள். தண்ணீர் புகுந்த நுரையீரலில் சளி கட்டியிருக்கலாம். இனி எந்த நாய் விழுந்தாலும், எழுந்து நடக்கிறதே என்று விட்டுவிடாமல் அன்றைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்தும் வரும்.

பின்னால் நல்ல லேப்ரடார் வாங்கினால், தடுப்பூசிகள் முடிந்தபிறகு குட்டியின் முழங்கை அளவுத் தண்ணீரில் தொடங்குங்கள். முதுகில் கைப்பிடியுள்ள ஜாக்கெட், நீளக் கயிறு, முதலில் 2, 3 நிமிடம் போதும். நீச்சலைவிட வெளியேறும் கயிற்று விரிப்பை எல்லாப் பக்கத்திலிருந்தும் தேடிவரப் பழக்குங்கள். தேங்கிய தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம் என்பதால் அதற்கான தடுப்பூசி வருடா வருடம் தவறக்கூடாது. நீந்தியதும் தொங்கும் காதைத் தூக்கிப் பஞ்சால் ஒற்றுங்கள், பட்ஸ் விடாதீர்கள். அடிரோமம் காயும்வரை துவட்டுங்கள், ஈரம் தங்கினால் ஒரே இரவில் புண்ணாகும். மறுநாள் வால் ஒடிந்ததுபோலத் தொங்கினால், அதிக நீச்சலில் வால் தசை வலித்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் சில நாள் ஓய்வில் சரியாகிவிடும். அதற்காக வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலையோ புரூஃபெனையோ கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அவை விஷம்.