டெக்சாஸில் ஓட்டுப் போட: வாசகர் கேள்விகளும் பதில்களும்

2026 நவம்பர் 3 அன்று டெக்சாஸில் கவர்னர், ஒரு செனட்டர், காங்கிரஸ் உறுப்பினர்கள், கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) நீதிபதிகள் என்று பல பதவிகளுக்கு ஒரே நாளில் தேர்தல். வந்த கடிதங்களில் பாதி புதிதாகக் குடியுரிமை வாங்கியவர்களுடையது, மீதி அப்பா அம்மாவைப் பற்றிய கவலை. தேதிகள் எல்லாம் இந்த நவம்பர் தேர்தலுக்கு மட்டுமே பொருந்தும்.

குடியுரிமைப் பிரமாணம் எடுத்து மூன்று மாதம் ஆகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் தானாக வந்துவிடுமா? ஆன்லைனில் பதிவு செய்யலாமா? (ஃப்ரிஸ்கோ)

தானாக வராது. ஆன்லைன் பதிவும் டெக்சாஸில் கிடையாது. டிரைவர் லைசென்ஸை ஆன்லைனில் புதுப்பிக்கும்போது மட்டும் சேர்த்துப் பதிவு செய்துகொள்ளலாம். மற்றபடி, மாநிலச் செயலாளரின் தளத்தில் படிவத்தை நிரப்பினாலும் அதை அச்செடுத்து, பேனாவால் கையெழுத்துப் போட்டு, உங்கள் கவுண்டியின் வாக்காளர் பதிவாளருக்கு அனுப்பினால்தான் கணக்கு. 'சமர்ப்பிக்க' என்ற பொத்தானை அழுத்தியதும் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டு, ஓட்டுப் போடப் போன இடத்தில் பெயர் இல்லாமல் திரும்பியவர்கள் உண்டு. அக்டோபர் 5-ஆம் தேதிக்குள் தபால் முத்திரை விழ வேண்டும். கடைசி வாரத்தில்தான் நேரம் கிடைக்கும் என்றால், கவுண்டி அங்கீகரித்த தன்னார்வப் பதிவாளர் ஒருவரிடம் படிவத்தை நேரில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அது தபாலை விட நிச்சயம்.

நீங்கள் ஃப்ரிஸ்கோவில் இருப்பதால் இன்னொன்று. அந்த ஊரில் ஒரு பகுதி காலின் கவுண்டி, இன்னொரு பகுதி டென்டன் கவுண்டி. உங்கள் வீடு எதில் வருகிறது என்று சொத்து வரி ரசீதில் பாருங்கள். கேட்டி பக்கம் இருப்பவர்களுக்கும் இதே கதைதான். ஊருக்குள்ளேயே வீடு மாறினாலும் கவுண்டி மாறினால் புதிதாகப் பதிய வேண்டும்.

அப்புறம், லைசென்ஸ் அலுவலகமான டிபிஎஸ்ஸில் உங்கள் குடியுரிமை விவரத்தை மாற்றிவிடுங்கள். 2019-ல் பழைய லைசென்ஸ் பதிவுகளை வைத்து சுமார் 95,000 வாக்காளர்களைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்தார்கள். அதில் முறையாகக் குடியுரிமை பெற்றவர்கள் ஏராளம் என்று தெரிந்து, வழக்குப் போட்ட பிறகு அதைக் கைவிட்டார்கள். உங்களுக்கும் குடியுரிமைச் சான்று கேட்டுக் கடிதம் வந்தால் தூக்கிப் போடாமல், அதில் சொன்ன கெடுவுக்குள் நகல் அனுப்புங்கள்.

கிரீன் கார்டில் இருக்கிறேன். லைசென்ஸ் படிவத்தில் வாக்காளர் பதிவுக் கட்டத்தைத் தெரியாமல் டிக் செய்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. (இர்விங்)

இந்தப் பயம் நியாயமானது. அமெரிக்கக் குடிமகன் அல்லாதவர் "நான் குடிமகன்" என்று சொல்லிப் பதிவு செய்வதும் ஓட்டுப் போடுவதும் குற்றம். நாடு கடத்தல் வரைக்கும் போகலாம். என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பத்திலும் இதை நேரடியாகவே கேட்பார்கள். முதலில் மாநிலத் தளத்தில் உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். பெயரை நீக்கச் சொல்லிக் கவுண்டிக்கு எழுதும் கடிதத்தையும் அவர் வழியாகவே அனுப்பி நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் காரணத்தைக் கொண்டும் ஓட்டுப் போட்டுவிடாதீர்கள். எச்-1பி, எல்-1 வேலை விசாவில் இருப்பவர்களுக்கும் இதேதான். கடை வாசலில் யாராவது படிவத்தை நீட்டினால் "நான் இன்னும் சிட்டிசன் இல்லை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது, வாக்காளர் அட்டையில் வெறும் இனிஷியல். திருப்பி அனுப்பிவிடுவார்களா? (ப்ளேனோ)

மாட்டார்கள். பெயர்கள் பெரும்பாலும் ஒத்துப்போனால் போதும் என்பது டெக்சாஸ் விதி. "கார்த்திக் எஸ்" என்று பட்டியலிலும் "கார்த்திக் சுப்பிரமணியன்" என்று அடையாள அட்டையிலும் இருந்தால், பிறந்த தேதியையும் முகவரியையும் ஒப்பிட்டுவிட்டு, இருவரும் ஒருவரே என்று ஓர் உறுதிமொழியில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். தயங்காமல் போடுங்கள். வாக்காளர் அட்டை கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, புகைப்பட அடையாளம்தான் முக்கியம். டெக்சாஸ் லைசென்ஸ், அமெரிக்க பாஸ்போர்ட், படம் ஒட்டிய குடியுரிமைச் சான்றிதழ் எல்லாம் செல்லும். 70 வயதைத் தாண்டியவர்களின் அட்டை எத்தனை வருடம் முன்பு காலாவதியாகியிருந்தாலும் ஏற்பார்கள். மற்றவர்களுக்கு நான்கு வருடம் வரை.

அம்மாவுக்கு 68 வயது, சிட்டிசன் ஆகிவிட்டார். இங்கிலீஷ் படிக்க வராது. தபால் ஓட்டா, நேரில் கூட்டிப்போவதா? (சுகர் லேண்ட்)

65 வயதைக் கடந்தவர் என்பதால் அம்மாவுக்குத் தபால் ஓட்டு உரிமை உண்டு. ஆனாலும், நடக்க முடிகிறது என்றால் நேரில் கூட்டிப்போங்கள் என்றே சொல்வேன்.

தபால் ஓட்டில் சிக்கும் இடம் ஒன்று உண்டு. விண்ணப்பத்திலும், ஓட்டுச் சீட்டு வைத்து அனுப்பும் உறையிலும் லைசென்ஸ் எண்ணையோ சோஷியல் செக்யூரிட்டியின் கடைசி நான்கு இலக்கத்தையோ எழுத வேண்டும். உறையில் அதற்கான கட்டம், ஒட்டி மூடும் மடிப்புக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. பலர் அதைக் கவனிக்காமலே ஒட்டிவிடுகிறார்கள். இந்த விதி வந்த புதிதில், 2022 மார்ச்சில் கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலில், வந்த தபால் ஓட்டுகளில் சுமார் 12 சதவீதம் தள்ளுபடியாயின. அத்தனை பேரும் தகுதியுள்ளவர்களாக இருந்திருந்தால் எவ்வளவு பெரிய இழப்பு! தபால்தான் என்று முடிவெடுத்தால் இரண்டு எண்களையும் எழுதிவிடுங்கள். விண்ணப்பம் அக்டோபர் 23-க்குள் கவுண்டிக்கு வந்து சேர வேண்டும், தபாலில் போட்டால் மட்டும் போதாது. நிரப்பிய ஓட்டை நவம்பர் 3-க்கு நன்றாக முன்பே அனுப்பிவிடுங்கள். நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதென்றால் தேர்தல் நாளன்று அம்மாவேதான் அடையாள அட்டையோடு போக வேண்டும், நீங்கள் போய்க் கொடுக்க முடியாது.

நேரில் போனால் மொழி ஒரு தடையில்லை. 1965-ஆம் வருட வாக்குரிமைச் சட்டத்தின் 208-ஆம் பிரிவு, படிக்க இயலாத வாக்காளர் தனக்கு நம்பிக்கையான ஒருவரை உடன் வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. அவருடைய முதலாளியோ தொழிற்சங்கப் பிரதிநிதியோ கூடாது, மகளோ மருமகனோ தாராளமாக நிற்கலாம். உள்ளே போனதும் அதிகாரியிடம் சொல்லுங்கள். உங்கள் பெயர், முகவரியை எழுதிக்கொண்டு உறுதிமொழி வாங்குவார்கள். அதன் பிறகு சீட்டைப் படித்துத் தமிழில் சொல்லலாம். யாருக்குப் போட வேண்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள், கண்ணைக் கூடக் காட்டாதீர்கள். அது அவருடைய ஓட்டு.

2020 முதல் ஒரே குறியில் ஒரு கட்சிக்கு மொத்தமாகப் போடும் வசதி டெக்சாஸில் இல்லை. ஒவ்வொரு பதவியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், நீதிபதிகள் பட்டியலே பக்கம் பக்கமாக ஓடும். அதனால் முந்தின இரவு மாதிரிச் சீட்டை வைத்து, அம்மா விரும்பும் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். ஓட்டுப் போடும் இடத்திலிருந்து 100 அடிக்குள் செல்போன் எடுக்கக் கூடாது, தாள் இருக்கலாம். காரை விட்டு இறங்க முடியாதவராக இருந்தால் அதிகாரியே கார் வரை வந்து ஓட்டு வாங்குவார்.

அக்டோபர் முதல் பொங்கல் வரை சென்னையில் இருப்போம். அங்கிருந்தே ஓட்டுப் போட முடியுமா? (கேட்டி)

முடியும். வெளிநாட்டில் இருக்கும் குடிமக்களுக்கான ஃபெடரல் போஸ்ட் கார்டு விண்ணப்பத்தை இப்போதே அனுப்புங்கள். ஓட்டுச் சீட்டை மின்னஞ்சலில் கேட்டு வாங்கலாம். திருப்பி அனுப்புவது மட்டும் காகிதமாக, தபாலிலோ கூரியரிலோ. தேர்தலுக்கு 45 நாள் முன்பே சீட்டு வந்துவிடும், வந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.

ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருக்கிறது. தமிழ்நாட்டுத் தேர்தலிலும் போடலாமா? (ரவுண்ட் ராக்)

போட முடியாது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றதும் இந்தியக் குடியுரிமை போய்விட்டது, ஓசிஐ ஓட்டுரிமை தராது. ஊரில் பட்டியலில் பெயர் இன்னும் இருந்தால் நீக்கச் சொல்லுங்கள்.

முன்கூட்டிப் போடுவதற்கு எந்த நாள் நல்லது? (இர்விங்கில் இருந்து இன்னொருவர்)

அக்டோபர் 19 முதல் 30 வரை. காரணம் எதுவும் சொல்லத் தேவையில்லை, உங்கள் கவுண்டியில் எந்த மையத்திலும் போடலாம். கடைசி வெள்ளிக்கிழமை கூட்டம் அலைமோதும், முதல் வாரத்திலேயே போய்விடுங்கள். தவறிவிட்டால் நவம்பர் 3 காலை 7 முதல் மாலை 7 வரை. ஏழு மணிக்கு வரிசையில் நின்றுவிட்டால், எவ்வளவு நேரமானாலும் போட விடுவார்கள்.