பழைய வானொலிக் கோபுரங்களை இரும்புக்கு விற்றுவிட்டால் என்ன?

கேள்வி இதுதான்: "எல்லாரும் போனில் பாட்டுக் கேட்கிறோம். பழைய மத்திய அலை (மீடியம் வேவ்), சிற்றலை (ஷார்ட் வேவ்) கோபுரங்களை இன்னும் எதற்கு வைத்திருக்க வேண்டும்? இரும்பு விலைக்குக் கொடுத்தால் நாட்டுக்குக் காசாவது மிஞ்சும் அல்லவா?"

கொடுக்கலாம் தம்பி, யார் வேண்டாம் என்றது? (தம்பி என்று நானாக வைத்துக்கொண்டேன். கேள்வியைப் பார்த்தால் ஒரு சோடிப் பற்றறிக்காக அலைந்த அனுபவம் இல்லாதவர் போலத் தெரிகிறது. தங்கையாக இருந்தால் மன்னிக்கவும்.) ஆனால் இந்தக் கேள்விக்கு என்னிடம் சின்னதாகப் பதில் வராது. இலங்கையில், மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருப்பவன் நான். இப்போது அதே மேசையில் சார்ஜரும் ரைஸ் குக்கரும்தான் கிடக்கின்றன, அது வேறு விஷயம். எஞ்சினியர் இல்லை, கல்முனையில் ஒரு மாஸ்டரிடம் தொழில் பழகியவன். படித்தவர்கள் யாராவது பிழை கண்டால் கீழே எழுதுங்கள், சண்டைக்கு வரமாட்டேன்.

இரும்பு என்று சொன்னதால் இதைச் சொல்ல வேண்டும். எங்கள் வானொலி பிறந்ததே பழைய சாமானில்தான். தந்தித் திணைக்களத்தில் இருந்த எட்வர்ட் ஹார்ப்பர் என்ற எஞ்சினியர், முதலாம் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கருவிப் பாகங்களை வைத்து ஒரு ஒலிபரப்பியைக் கட்டி, இசைத்தட்டுப் போட்டுப் பரிசோதித்துப் பார்த்தார். பிறகு 1925 டிசம்பர் 16 அன்று கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது. பிபிசி தொடங்கி மூன்றே வருடம். அந்தக் கப்பல் சாமானை அன்றைக்கே நிறுத்து விற்றிருந்தால் நீங்களும் நானும் இந்தக் கதையைப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

ஆனால் பழைய பெருமை பாடுகிறான் என்று நினைக்க வேண்டாம். எனக்கு அந்தக் கோபுரங்கள் மேல் கோபமும் உண்டு. எண்ணிப் பாருங்கள். ஜா-எலவுக்குப் பக்கத்தில் ஏக்கலவில் வந்த 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி, இரண்டாம் உலகப் போரின் பிரித்தானியத் தளபதி மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத்தலைமை தன் சிப்பாய்களுக்காக நடத்திய நிலையத்துக்கு வந்தது. 1949இல் அது ரேடியோ சிலோன், அதாவது இலங்கை வானொலியின் கைக்கு மாறியது. 1952இல் இந்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு வேண்டாம் என்று சொன்னதும் இந்தியா முழுவதும் ரேடியோ சிலோன் பக்கம் திரும்பியது; அங்கே விளம்பரக் காசு கொட்டியது. புத்தளத்தில் 400 கிலோவாட் மத்திய அலை ஒன்று, 882 கிலோஹேர்ட்ஸ் அலைவரிசையில், கிறிஸ்தவ நிகழ்ச்சிகளை இந்தியாவுக்கு அனுப்பியது. திருகோணமலையில் 1980களில் ஜெர்மன்காரர் பெரிய நிலையம் கட்டினார்கள். இரணவிலவில் மீனவர்கள் எதிர்க்க எதிர்க்க அமெரிக்கர் ஒன்று கட்டினார்கள். உள்நாட்டுச் சேவைக்குச் சிறிய ஒலிபரப்பிகள் அங்கங்கே இருந்தன, அதை மறுக்கவில்லை. ஆனால் நாட்டில் நின்ற மிகப் பெரிய கோபுரங்கள் எல்லாம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றன.

இதில் ஒரு வேடிக்கை. சிற்றலை மேலே போய் வானத்தில் பட்டுத் திரும்பித் தூரத்தில்தான் இறங்கும். நடுவில் இருக்கிறவனுக்கு ஒன்றும் விழாது. ஆகவே கடற்கரையோடு வடக்கே போனால் வருகிற திருகோணமலை நிலையத்தின் சிற்றலை எங்களைத் தாண்டிப் போய்விடும். 4,000 கிலோமீற்றருக்கு மேல் தள்ளியிருக்கிற பிலிப்பைன்ஸிலிருந்து வேரித்தாஸ் என்ற கத்தோலிக்க வானொலியின் தமிழ் நிகழ்ச்சி அந்த நாளில் பக்கத்து வளவில் பேசுகிற மாதிரிக் கேட்டது.

இந்த வேரித்தாஸையும் பிபிசி தமிழோசையையும் கேட்க எங்கள் பக்கம் பட்ட பாடு இருக்கிறதே, அதைத்தான் நான் எழுத வந்தது.

என் மாமா, அம்மாவின் தமையன், மண்டூரில் வயல் செய்தவர். களுவாஞ்சிகுடி எழுவான்கரை (கிழக்குக் கரை), மண்டூர் படுவான்கரை (மேற்குக் கரை), நடுவில் வாவி. குருமண்வெளித் துறையில் ஏறி அக்கரை போக வேண்டும். சண்டைக் காலத்தில் அந்தப் பக்கம் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது; கரண்ட் இல்லை, பற்றறி கொண்டுபோக இராணுவம் விடாது. கடிகாரம்கூட வேறு. 1996இல் அரசாங்கம் நேரத்தை முன்தள்ளியபோது அங்கே பழைய நேரமே ஓடியது. தமிழோசை எனக்கு 9.45க்கு, மாமாவுக்கு 9.15க்கு. 2006இல் பழைய நேரம் திரும்பிய பிறகுதான் இருவருக்கும் ஒரே நேரத்தில் செய்தி வந்தது.

மாமாவிடம் ஒரு நாஷனல் பனசோனிக் பெட்டி இருந்தது. செத்த பற்றறிகளை முற்றத்து வெயிலில் காயவைத்து, சைக்கிள் டியூப் துண்டுக்குள் நெருக்கி அடுக்கி, இரண்டு பக்கமும் வயர் சொருகி ஓட்டுவார். நான்குக்குப் பதிலாக ஏழெட்டு. அப்படி ஓட்டினால் ரேடியோ பேசாது, "டுப் டுப் டுப்" என்று தோணி எஞ்சின் மாதிரி அடிக்கும். பற்றறி பழசானால் உள்ளே தடை கூடிவிடும். சத்தம் கொஞ்சம் உயர்ந்தாலே வோல்ட் கீழே விழும், விழுந்து ஏறும். 1000 மைக்ரோபராட் கப்பாசிட்டர் ஒன்றைப் பற்றறி முனைகளுக்குக் குறுக்கே சோல்டர் பண்ணிக் கொடுத்தேன். அடிக்கிறது நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அந்த ஊரில் எனக்கு எஞ்சினியர் மாப்பிள்ளை மரியாதை. துறைக்கு வருகிறவர்கள் பையில் ரேடியோவோடுதான் வருவார்கள்.

அடுத்தது ஏரியல். எரிந்துபோன மோட்டாரிலிருந்து கழற்றிய செப்புக் கம்பியை இரண்டு தென்னைக்கு நடுவே இழுத்துக் கட்டினேன். பீங்கான் குமிழுக்கு எங்கே போவது? உடைந்த சோடாப் போத்தலின் கழுத்துதான் இன்சுலேட்டர். இறங்கு வயரை யன்னலால் உள்ளே எடுத்து, பெட்டிக்குள் இருக்கிற கறுப்புக் கட்டை, அதுதான் பெரைட், அதில் ஐந்தாறு சுற்றுச் சுற்றினால் மத்திய அலை தூக்கி அடிக்கும். சிற்றலைக்கு உருவு ஏரியலில் (பெட்டியிலிருந்து இழுத்து நீட்டும் கம்பி) கொளுவினால் போதும். எர்த்துக்கு கிணற்றடியில் ஒரு இரும்புப் பைப்பை இறக்கி, வரட்சி காலத்தில் உப்புத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். இரவில் திருச்சி 936 கொழும்பைவிடத் தெளிவாக வந்தது. தூத்துக்குடி 1053 சொல்லவே வேண்டாம், 200 கிலோவாட். பகலில் வானத்தின் கீழ்ப்படை ஒன்று மத்திய அலையைக் குடித்துவிடும்; பொழுதுபட்டதும் அது கரைய, தூரத்து நிலையம் எல்லாம் எழும்பி வரும். மாமாவுக்கு இந்த விளக்கம் பிடிக்கவில்லை. "பகலில ஆக்கள் வேலையில நிப்பாங்க, பிறகெதுக்கு வாற?" என்பார்.

ஒரு நாள் காலையில் சுற்றிவளைப்பு. வந்தவர்களுக்குத் தென்னையில் ஓடிய வயர் கண்ணில் பட்டது. யாருடன் பேசுகிறாய் என்று கேள்வி. அனுப்புகிற கருவி வேறு, கேட்கிற பெட்டி வேறு என்று மாமா கையைக் காலைக் காட்டி விளக்கியிருக்கிறார். கடைசியில் பெட்டியை விட்டுவிட்டுக் கம்பியை மட்டும் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். செப்பு அல்லவா. (இதில் அரசியல் தேடி வருகிறவர்களுக்கு: நான் ஒரு கம்பியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.)

நான் அடுத்த முறை வேறு கம்பியோடு போனேன். மாமா வேண்டாம் என்றுவிட்டார். வளவின் பின்வேலியில் ஓடிய முள்ளுக்கம்பியின் மேல் இழையில் வயரைக் கொளுவி வைத்திருந்தார். மரக்கட்டைத் தூண், காய்ந்த தூண், கம்பி வயல் வரப்பு வரைக்கும் நீளம். பிபிசி கணீர் என்று வந்தது. "இஞ்ச பார் மருமகன், வேலியில என்ன ஓடுது எண்டு ஆர் கேக்கப் போறான்?" மழை பெய்தால் தூண் நனைந்து சத்தம் நிலத்துக்குள் இறங்கிவிடும், மாரி முழுக்கச் செய்தி பாதிதான். அதையும் அவர் சமாளித்தார்: தூணுக்கும் கம்பிக்கும் நடுவே செருப்பு ரப்பரை வெட்டிச் செருகினார். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. மின்சாரமே இல்லாத ஊரில், பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்ட மனிதன் தானாகக் கண்டுபிடித்தது.

மரத்தை நம்பாத பழக்கம் அவருக்கு 1978 சூறாவளியில் வந்தது என்று மாமி சொல்வா. நவம்பர் 23. இரவோடிரவாக மட்டக்களப்பில் தென்னை தென்னையாகச் சரிந்து, விடியப் பார்த்தால் ஏரியல் கட்ட ஒரு மரம் நிமிர்ந்து நிற்கவில்லை. நான் சின்னப் பொடியன். எங்கள் வீட்டுப் பெட்டியை அப்பா ஓட்டுக் குவியல் மேல் வைத்துத் திருப்பித் திருப்பிக் கொழும்பைத் தேடியது மட்டும் நினைவிருக்கிறது. அப்போது ரேடியோ வைத்திருக்கத் தபால் கந்தோரில் லைசன்ஸ் எடுக்க வேண்டும். அந்த வருடத்து லைசன்ஸ் வெள்ளத்தில் போனதைப் பற்றி அப்பா பிறகும் கவலைப்பட்டார், ஓடு போனதைப் பற்றி அவ்வளவு இல்லை.

சுனாமியின்போதும் அப்படித்தான். பெரிய கல்லாற்றிலிருந்து ஓடிவந்த சனம் ரோட்டில் நிற்கிறது, போன் எடுக்கவில்லை, கரண்ட் இல்லை. கடை மேசையை வாசலில் இழுத்துப் போட்டு ஒரு பெட்டியைப் பற்றறியில் போட்டுவிட்டேன். மற்றக் கரைகளிலும் கடல் வந்திருக்கிறது என்பது அந்தப் பெட்டியால்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதுவரை எங்கள் ஊருக்கு மட்டும் என்று நினைத்திருந்தோம். அம்பாந்தோட்டையில் அமெச்சூர் வானொலிக்காரர்கள் தங்கள் கருவியோடு போய் இறங்கித் தொடர்பு கொடுத்ததைப் பிறகு கேள்விப்பட்டேன். அவர்களிடமும் இருந்தது ஒரு கம்பிதான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மத்திய அலைக் கோபுரத்தில் ஏரியல் தனியாகத் தொங்காது, கோபுரமே ஏரியல். முழு இரும்பும் அடியில் ஒரு பீங்கான் கட்டையில் நிற்கும், நிலத்தைத் தொடாது. உயரம் அலையின் கால்வாசி அளவு: 1000 கிலோஹேர்ட்ஸ் என்றால் அலை 300 மீற்றர், கோபுரம் 75 மீற்றர் அளவில் வரும். அடியிலிருந்து சைக்கிள் சில்லுக் கம்பி மாதிரி நாலாபக்கமும் செப்புக் கம்பி மண்ணுக்குள் ஓடும். உப்பும் ஈரமும் உள்ள மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்; அதனால்தான் இப்படி நிலையங்களை உப்பு நிலத்திலும் சதுப்பிலும் தேடிக் கட்டினார்கள். நீங்கள் இரும்பை விற்றால் செப்பும் போகும், நிலமும் போகும். அங்கே ஹோட்டல் வந்த பிறகு திரும்பக் கட்டவே முடியாது. எப்எம் இருக்கிறதே என்பீர்கள். அது கண்ணுக்கு எட்டிய தூரம்; மலை மறைத்தால் நின்றுவிடும். போன் கோபுரம் அதைவிடக் குறைவு, பற்றறி தீர்ந்தால் முடிந்தது.

ஏக்கலவின் சிற்றலை வேலை 2013இல் ஜெர்மன்காரர் விட்டுப்போன திருகோணமலை நிலையத்துக்குப் போனது. அமெரிக்கர் 2016இல் இரணவிலவை மூடினார்கள். பிபிசி தமிழோசை சிற்றலையை 2017இல் நிறுத்தியது, வேரித்தாஸ் 2018இல். எல்லாரும் இணையத்துக்குப் போனார்கள். மாமாவிடம் இணையம் இல்லை. பேரன் போனில் போட்டுக் காட்டினால் "டேட்டா முடியப் போகுது, நிப்பாட்டு" என்கிறார். பெட்டியைத் தட்டினால் எல்ஈடி பல்பும் மலிவுச் சார்ஜரும் கக்குகிற இரைச்சல்தான் மத்திய அலை முழுக்க. வீட்டில் பிரதானச் சுவிட்சை நிறுத்திவிட்டுக் கேட்டுப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் எழுதிவிடுகிறேன். பழையது என்றால் உடனே விற்கலாம் என்கிறவர்கள்தான் அப்பாவின் ரேடியோ என்று கண் கலங்கிக்கொண்டு கடைக்குக் கொண்டுவருகிறார்கள். திருத்தி வைப்பேன். போன் அடித்தால் எடுக்கமாட்டார்கள். என் கடைப் பின் ராக்கை முழுக்க யுனிக், பிலிப்ஸ், நாஷனல். உள்ளே போட்ட கப்பாசிட்டரும் பெல்ட்டும் என் காசு. போன மாதம் ஒருவர் வருடக் கணக்கில் கழித்து வந்து, தூசி படிந்திருக்கிறது என்று என்னிடமே குறை சொன்னார். கூலி கேட்டதும் இந்தக் காலத்தில் யார் ரேடியோ கேட்கிறார்கள் என்றார். பெட்டியைத் திருப்பி ராக்கையில் வைத்துவிட்டேன்.

ஆகவே தம்பி, கோபுரத்தை விற்கிறது என்று முடிவானால் மண்ணுக்குள் இருக்கிற செப்பைத் தனியாக நிறுக்கச் சொல்லுங்கள், இரும்பைவிட அதற்குத்தான் விலை. வீட்டில் பழைய பெட்டி இருந்தால் கொண்டுவாருங்கள், பார்க்கலாம். முற்பணம் வாங்குவேன்.