கேட்டுக்கு எந்த இன்டர்காம்? வாசகர் கேள்வி, நம் பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கேட், மணி, பூட்டு பற்றித்தான். ஆச்சரியமில்லை. ஆண்டு முடிவு மழையில் நனைந்ததெல்லாம் பொங்கலுக்குள் ஊமையாகிவிடும். நிறையப் பேருக்குப் பயன்படும் கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன்.

கேள்வி: சிங்கப்பூர் செராங்கூன் கார்டன்ஸில் பழைய தரைவீடு எங்களுடையது. கேட்டுக்கும் வாசல் கதவுக்கும் இடையே இருபது மீட்டர் போல இருக்கும். குரல் மட்டும் கேட்கிற பழைய இன்டர்காம், மழை பெய்தால் கரகரவென்று இரைகிறது. வைஃபை மணி ஒன்றை ஒட்டிவிட்டால் எல்லாம் ஃபோனிலேயே வரும் என்கிறான் மகன். கடைக்காரரோ கேமராவின் தெளிவைப் பற்றியே பேசுகிறார். பகலில் வீட்டில் இருப்பது என் அம்மாவும் பணிப்பெண்ணும்தான். அம்மாவுக்கு ஃபோன் அழைப்பை எடுக்கவே தடுமாறும். எதை வாங்கலாம்?

பதில்: பகலில் கேட்டைத் திறக்கப்போவது யார் என்றுதான் நான் எல்லாரிடமும் முதலில் கேட்பேன், நான் கேட்காமலே நீங்கள் சொல்லிவிட்டீர்கள். உங்கள் வீட்டுக்குச் சுவரில் மாட்டுகிற திரை கட்டாயம் வேண்டும். ஏழு அங்குலத் திரை, பேச ஒரு பட்டன், திறக்க ஒரு பட்டன், அவ்வளவு போதும். ஃபோனிலும் வரும் என்றால் சரி, அது மகனுக்கு. மணி ஃபோனில் மட்டும்தான் அடிக்கும் என்கிற சாதனத்தை வாங்கினால், ஜூரோங்கில் வேலை செய்கிற மகன் செராங்கூனில் நிற்கிற விநியோக ஊழியரிடம் பேசிக்கொண்டிருப்பார், உள்ளே அம்மாவுக்கு ஆள் வந்ததே தெரியாது. அதோடு பேட்டரியில் ஓடுகிற வைஃபை மணிகள் பெரும்பாலும் தூங்கி விழிப்பவை. பட்டனை அழுத்தி, அது விழித்து, வைஃபையைப் பிடித்து, ஃபோனை எட்டுவதற்குள் சில விநாடிகள் போய்விடும், பொட்டலம் கொண்டுவந்தவர் அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார். மேற்கு வெயில் நேராக அடிக்கிற கேட் தூண் என்றால் பேட்டரியும் சீக்கிரம் நொந்துவிடும்.

அடுத்தது கம்பி. புதுசு வாங்குவதற்கு முன் பழையதன் கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், ஏனென்றால் பல வீடுகளில் குற்றவாளி வெளியே இருக்கும் பெட்டியே இல்லை, கார் நிற்கிற தரைக்கு அடியில் போகும் குழாய்தான். அந்தக் குழாயில் தண்ணீர் தேங்கும், நடுவில் யாரோ ஒரு காலத்தில் டேப் சுற்றி ஒட்டுப்போட்ட இடம் ஊறிப் பச்சை பிடிக்கும். சோதிப்பது எளிது. இன்டர்காம் மாட்ட வருகிற வேலைக்காரரிடம் சொல்லி, பழைய கம்பியை இரண்டு முனையிலும் கழற்றிவிட்டு, தரைக்கு மேலாகவே ஒரு தற்காலிகக் கம்பியை இழுத்து அதே பழைய பெட்டியை இணைத்துப் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். இரைச்சல் போய்விட்டால் கம்பிதான் கெட்டிருக்கிறது, அதை மாற்றாமல் எவ்வளவு விலை உயர்ந்த பெட்டியை மாட்டினாலும் அடுத்த மழையில் இதே கதைதான்.

கம்பி நன்றாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். இரண்டே கம்பியில் மின்சாரம், குரல், படம் மூன்றையும் அனுப்புகிற வீடியோ இன்டர்காம்கள் பல ஆண்டுகளாகவே இருக்கின்றன, பழைய வீடுகளுக்கு அவைதான் வசதி, தரையை உடைக்க வேண்டியதில்லை. புதுக் கம்பி இழுத்தே ஆகவேண்டும் என்றால் கேட்-6 (Cat 6) என்கிற நெட்வொர்க் கம்பியாக, அதிலும் உள்ளே ஜெல் நிரப்பிய வெளிப்புற வகையாக இழுங்கள். பிஓஇ என்று சொல்வார்கள், அந்த ஒரே கம்பியில் மின்சாரமும் போகும், நூறு மீட்டர் வரை தாராளம், நாளைக்கு கேட்டில் ஒரு கேமரா சேர்ப்பதும் சுலபமாகும். கேட் தூணில் 230 வோல்ட் புள்ளி புதிதாகப் போடுவதாக இருந்தால் மட்டும் உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்யவேண்டும், அதில் சிக்கனம் பார்க்காதீர்கள். நம் ஊர் இடி மின்னல் தெரிந்ததுதானே. கேட்டிலிருந்து வீட்டுக்குள் வருகிற நீளமான செம்புக் கம்பி எதுவானாலும், உள்ளே நுழையும் இடத்தில் மின்னழுத்த எழுச்சியைத் தடுக்கும் சிறு கருவி ஒன்று இருக்கட்டும். இல்லையென்றால் இன்டர்காமோடு இணையப் பெட்டியும் சேர்ந்து போகும்.

வைஃபைதான் வேண்டும் என்று மகன் பிடிவாதம் பிடித்தால் ஒரு சோதனை வையுங்கள். வாசல் கதவைச் சாத்திவிட்டு, கேட் தூண் ஓரமாக, இன்டர்காம் வரப்போகிற அதே உயரத்தில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு, வீட்டு வைஃபையிலேயே பத்து நிமிடம் வீடியோ அழைப்பு பேசட்டும். படம் உறைந்தால் மணியும் உறையும்.

கேமரா தெளிவைப் பற்றிக் கடைக்காரர் சொல்வதைப் பாதி காதில் வாங்கினால் போதும். முகம் தெரிவதற்கு 1080பி தாராளமாகக் காணும். முகம் கறுத்துப்போவதுதான் உண்மையான தொல்லை. மாலை நான்கு மணிக்கு, வந்தவர் முதுகுக்குப் பின்னால் வானம் வெளுத்துக் கிடக்க, திரையில் ஒரு கறுப்பு உருவம் மட்டும் நின்றால் 4கே வைத்து என்ன செய்வது? டபிள்யூடிஆர் என்று ஒரு வசதி உண்டு, எதிர்வெளிச்சத்தைச் சமாளிப்பதற்கென்றே இருப்பது. அது இருக்கிறதா என்று கேளுங்கள். கடையில் நின்று பார்க்கிறவர் என்றால், கண்ணாடிக் கதவுக்கு எதிரே கேமராவைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள், இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். சிம் லிம் டவரில் சில கடைகளில் மேசையிலேயே இணைத்து வைத்திருப்பார்கள்.

கடைசியாக ஒன்று, விளம்பரத்தாளில் யாரும் எழுதாதது. கேட்டைத் திறக்கிற ரிலே, அதாவது பூட்டை இயக்குகிற சின்ன சுவிட்ச், எங்கே இருக்கிறது? பல மலிவான செட்டுகளில் அது வெளியே மாட்டுகிற பெட்டிக்குள்ளேயே இருக்கும். ஸ்க்ரூட்ரைவரோடு வருகிறவன் பெட்டியைக் கழற்றி, பூட்டுக்குப் போகிற இரண்டு கம்பியையும் ஒன்றோடொன்று தொட்டால் கேட் திறந்துகொள்ளும். கேமரா அதை அழகாகப் படம் பிடித்து வைத்திருக்கும்! ஆகவே ரிலே வீட்டுக்குள் இருக்கிற வகையை வாங்குங்கள், அல்லது உள்ளே வைக்கிற தனி ரிலேயைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கேட் மோட்டாரில் ஓடுவது என்றால் இன்னொன்றும் உண்டு. மோட்டாரின் மின்சுற்றுப் பலகைக்குப் பெரும்பாலும் வேண்டியது மின்சாரமில்லாத ஒரு தொடுப்பு மட்டும்தான், பட்டன் அழுத்தியதுபோல. பூட்டுக்கு வருகிற 12 வோல்ட்டைக் கொண்டுபோய் அதில் சொருகினால் பலகை எரியும். இதை வேலைக்காரருக்குத் தெரியும் என்று விட்டுவிடாதீர்கள், கேட்டுவிடுங்கள்.

கேள்வி: பெட்டியில் ஐபி65 என்று போட்டிருந்தால் மழைக்குத் தாங்கும் என்றுதானே அர்த்தம்? ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் இருக்கிறோம். முன்னே இருந்ததிலும் ஐபி65 என்றுதான் இருந்தது, திறந்து பார்த்தால் உள்ளே எறும்புப் புற்று, பலகையெல்லாம் துரு.

பதில்: முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 6 என்றால் தூசி நுழையாது, 5 என்றால் எந்தப் பக்கமிருந்து குழாய்த் தண்ணீர் பீய்ச்சினாலும் தாங்கும். சோதனைச்சாலையில் அது உண்மைதான். ஆனால் சோதனைக்குப் போகிற பெட்டியில் உங்கள் வேலைக்காரர் போட்ட துளை கிடையாது. கம்பி நுழைகிற துளையை அடைக்காமல் விட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. எறும்பு வந்ததும் அந்த வழியாகத்தான், சந்தேகமே வேண்டாம். பல்லியும் அப்படியே, கேட் மோட்டார் பெட்டிக்குள் வெதுவெதுப்பாக இருக்கிறதே என்று போய்ப் படுத்து, பலகையில் இரண்டு இடத்தை ஒரே நேரத்தில் தொட்டு, தானும் செத்து மோட்டாரையும் சாகடிக்கும்.

மாட்டும்போது இதைக் கவனியுங்கள்: பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே சிலிக்கோன் பசை பூசுகையில் மேல்பக்கமும் இரண்டு ஓரங்களும் மட்டும். கீழ்ப்பக்கத்தை அப்படியே விடவேண்டும். நாலு பக்கமும் அடைத்தால் எப்படியோ உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் வெந்துகொண்டிருக்கும், கேமராக் கண்ணாடியில் ஆவி படிவது அதனால்தான். கம்பி பெட்டிக்குள் நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு கொடுத்து மேலே ஏறட்டும், அதன் வழியே வழிகிற நீர் வளைவிலேயே சொட்டிவிடும். கம்பித் துளையை எறும்பு புகாதபடி அடைத்துவிடுங்கள். மேலே சின்னக் கூரை வைத்துத் தருகிறார்களா என்று கேளுங்கள், மழையைவிட வெயிலுக்கு அது உதவும். கடற்காற்று வருகிற இடம் என்பதால் திருகாணிகள் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும், சாதாரண 304 உப்புக்காற்றில் சீக்கிரமே பழுப்புப் புள்ளி போடும்.

ஐகே என்று இன்னொரு எண் இருக்கும், அது அடி உதைக்கு. வீட்டு கேட்டுக்கு ஐகே07 போதும். தெருவை ஒட்டி, பந்து விளையாடுகிற பிள்ளைகள் நடமாடுகிற இடமென்றால் ஐகே08க்கு மேல் பாருங்கள்.

கேள்வி: சிறிய அடுக்குமாடிக் கட்டடம், நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். கீழ் நுழைவாயிலுக்குப் புது இன்டர்காம், காந்தப் பூட்டு, அட்டை எல்லாம் போடலாம் என்று பேச்சு. மூன்று நிறுவனங்கள் விலைப்பட்டியல் கொடுத்திருக்கின்றன. எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: விலையைக் கடைசியில் பாருங்கள். முதலில் தீ. காந்தப் பூட்டு மின்சாரம் இருக்கும்வரைதான் பிடிக்கும், மின்சாரம் போனால் விட்டுவிடும். மக்கள் தப்பித்துப் போகிற வழியில் இருக்கிற கதவுக்கு அந்தக் குணம்தான் வேண்டும். தீ அலாரம் அடித்ததும் பூட்டு தானாக விடவேண்டும், உள்ளே இருப்பவர் கையால் திறக்கவும் வழி இருக்கவேண்டும். மூன்று பட்டியலில் எதில் இந்த இணைப்பு தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். எழுதாதவர்களிடம், குடிமைத் தற்காப்புப் படையின் தீப் பாதுகாப்பு விதிக்குப் பொருந்தும் என்று எழுத்தில் கேளுங்கள்.

அட்டை விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 125 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்கிற பழைய வகை அட்டையைச் சாவி வெட்டுகிற கடையிலேயே நகல் எடுத்துவிடலாம், வாடகைக்கு இருந்தவர் போன பிறகும் கதவு அவருக்குத் திறக்கும். 13.56 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிற வகை என்று சொன்னால் மட்டும் நம்பிவிடாதீர்கள், அதிலும் மைஃபேர் கிளாசிக் வகையின் பாதுகாப்பு 2008லேயே உடைந்துவிட்டது. அதைவிடப் பாதுகாப்பான டெஸ்ஃபயர் வகை அட்டையைக் கேளுங்கள். ஆலையிலிருந்து வந்த நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றினார்களா என்று வேலை முடிந்த அன்றே நின்று பாருங்கள், 1234 என்று விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இணையத்தோடு இணைகிற சாதனம் என்றால் சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பின் முத்திரை இருக்கிறதா என்றும் கேட்கலாம், 2020ல் தொடங்கிய திட்டம், நான்கு நிலைகள். எல்லாச் சாதனத்துக்கும் கட்டாயமில்லை, ஆனால் இரண்டு சாதனம் சமமாக இருந்தால் முத்திரை உள்ளதை எடுங்கள்.

வருகிறவர்களின் முகத்தைப் பதிவு செய்து வைப்பதென்றால், சொந்த வீட்டுக்காரருக்கு இல்லாத பொறுப்பு உங்களுக்கு உண்டு. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வீட்டு உபயோகத்துக்குப் பதிவு செய்கிற தனியாரைக் கட்டுப்படுத்தாது, நிர்வாகக் குழுவைக் கட்டுப்படுத்தும். வாசலில் ஒரு அறிவிப்புப் பலகை, பதிவை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருப்பது என்கிற முடிவு, இவை இல்லாமல் தொடங்காதீர்கள். அப்புறம், சக்கர நாற்காலியில் வருகிற ஒருவரைக் கூட்டிவந்து பட்டன் எட்டுகிறதா, கேமராவில் அவர் முகம் தெரிகிறதா என்று துளை போடுமுன் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வாசலில் வீடியோ மணி வைக்கலாமா? எதிர்வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறார்.

பதில்: அவர் இடத்தில் நீங்கள் இருந்தால் சுளிக்கமாட்டீர்களா? கேமரா அண்டை வீட்டுக் கதவையும் சன்னலையும் பார்க்கக்கூடாது. உங்கள் வாசலுக்கு நேர் எதிரே அவர் கதவு இருந்தால் சற்றுச் சாய்த்து மாட்டுகிற ஆப்புத் துண்டு ஒன்று கிடைக்கும், படத்தில் அவர் பக்கத்தை மறைக்கிற வசதியும் பல மணிகளில் உண்டு. வீட்டுக்கு வெளியே பொதுச் சுவரில் எதையும் மாட்டுமுன் நகர மன்றத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் அவரைக் கூப்பிட்டு ஃபோனில் என்ன தெரிகிறது என்று காட்டிவிடுங்கள், பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

கேள்வி: ஊரிலிருந்து மைத்துனர் சிம் அட்டை போடுகிற இன்டர்காம் ஒன்று வாங்கி வந்தார். கேட்டில் பட்டன் அழுத்தினால் நம் ஃபோனுக்கு அழைப்பு வருமாம். இங்கே சிக்னலே எடுக்கவில்லை. பழுதா?

பதில்: பழுதில்லை. பெட்டியில் ஜிஎஸ்எம் அல்லது 2ஜி என்று மட்டும் போட்டிருக்கும், பாருங்கள். சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017லேயே நிறுத்தப்பட்டது, 2024ல் 3ஜியும் போய்விட்டது. 4ஜி, அதிலும் வோல்ட்டி, அதாவது 4ஜி வழியாகவே போகும் குரல் அழைப்பு, எடுக்கிற வகை இருந்தால்தான் இங்கே பேசும். அந்தப் பெட்டியை மைத்துனரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஊரில் 2ஜி இன்னும் ஓடுகிறது, அவர் வீட்டு கேட்டுக்கு ஆகும்.