இஞ்ச் டேப்பை எடுத்து வையுங்கள்

அன்புள்ள ஆலோசகருக்கு,

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேனுங்க. மகளுக்கு 19 வயது, கோவையில் ஃபேஷன் டிசைன் படிக்கிறாள். கல்லூரி ஷோவில் ராம்ப் நடந்தாள். அதைப் பார்த்து கேட்டலாக் ஷூட்டுக்குக் கூப்பிட்டார்கள். அன்றைக்குப் பிடித்தது சனி. 168 செ.மீ. உயரத்துக்கு 46 கிலோ. இடுப்பு 23 அங்குலம், நானே டேப் வைத்து அளந்தேன்.

தப்பு முழுக்க ஷோ நடத்துகிறவர்கள் மேல்தான். சாம்பிளை ஒரே சைஸில் தைத்துவிட்டு, அதற்குள் நுழைகிற பெண்ணைத் தேடுகிறார்கள். வெளிநாட்டில் ஒல்லி மாடல்களுக்குத் தடை உண்டாமே, இங்கே ஏன் இல்லை? கல்லூரிக்கு மனு எழுதட்டுமா?

அரிசிம்பருப்புச் சாதத்தைத் தொடுவதில்லை. கொள்ளு ரசம் ஒரு டம்ளர், வெள்ளரிக்காய், அவ்வளவுதான். விசேஷ வீடுகளில் “பிள்ளைக்கு என்ன சீக்கு?” என்று கேட்கிறார்கள். அவங்கப்பா “வயசுப் பிள்ளை, விடு” என்கிறார். சித்திரை வெயிலிலும் முழுக்கை ஸ்வெட்டரோடு திரிகிறாள், நாலு மாதமாக வீட்டுக்குத் தூரமாகவில்லை, அது டென்ஷனாக இருக்கும். ஆனால் அந்த ஷோக்காரர்களை யார் கேட்பது? எல்லாம் அந்த ஒரே சைஸ் சாம்பிளால் வந்த வினைங்க.

ஒரு தாய், திருப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

டென்ஷன் என்று சொல்லித் தாண்டிப் போனீர்களே, எனக்குக் கவலை அங்கேதான். சாப்பாடு போதாத உடம்பு முதலில் மாதவிலக்கை நிறுத்தும், சூட்டைக் குறைக்கும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்தால் எலும்பு பலம் சேர வேண்டிய வயதில் தேய ஆரம்பிக்கும். ஸ்வெட்டர் குளிருக்காகவும் இருக்கலாம், கையில் புதிதாக முளைத்த மெல்லிய பூனைமுடியை மறைக்கவும் இருக்கலாம். இது அனோரெக்சியாவா, அதாவது எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கும் மனநோயா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். தூரம் நின்றதற்கு வேறு காரணம் உண்டா என்று பார்க்கக் கர்ப்பப் பரிசோதனையும் தைராய்டு பரிசோதனையும் செய்வார்கள். அதற்காக அவளிடம் சண்டை போடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் அவள் உயரம், எடை, இடுப்பு எல்லாம் இருக்கிறது. அவள் சொன்னதாக ஒரு வார்த்தை இல்லை. ஷூட்டில் ஒருவர் டேப் வைக்கிறார், வீட்டில் நீங்களும் வைக்கிறீர்கள். அவளுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. “இளைச்சுட்டியே” என்பதுகூட இந்த நோயில் பாராட்டாகத்தான் காதில் விழும். எடைப் பேச்சை விட்டுவிட்டு, “தலை சுத்துதா கண்ணு? ராத்திரி தூக்கம் வருதா?” என்று கேளுங்கள்.

தடை விஷயம். 2006இல் மாட்ரிட் ஃபேஷன் ஷோவில் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 18க்குக் கீழே இருந்தவர்களை மேடையேற்றவில்லை. உங்கள் மகளுக்கு 16.3, 18க்கு வர ஏறக்குறைய 51 கிலோ வேண்டும். பிரான்ஸ் 2017 முதல் மாடல்களிடம் மருத்துவச் சான்றிதழ் கேட்கிறது. எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. எடை பார்க்கும் முன் ரெண்டு லிட்டர் தண்ணீர் குடித்தால் தராசு ரெண்டு கிலோ கூட்டிக் காட்டும், நாடித்துடிப்பை அப்படி ஏமாற்ற முடியாது. சாம்பிள் பற்றி நீங்கள் சொல்வதும் நியாயமே. ஆனால் எந்தத் தடையும் மேடை வாசலில்தான் நிற்கும், உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வராது.

இந்த வாரமே பொது மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். படுத்தும் நின்றும் நாடி, ரத்த அழுத்தம், ஈசிஜி, பொட்டாசியம், பாஸ்பரஸ், மெக்னீசியம் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். ரத்த ரிப்போர்ட் நார்மல் என்று வந்தாலும் மனநல மருத்துவரைப் பார்ப்பதை நிறுத்தாதீர்கள். இந்த நோயில் கடைசிவரை அப்படி வருவது உண்டு. மயக்கம் போட்டாலோ, நாடி 50க்குக் கீழே போனாலோ நேராக அவசர சிகிச்சைக்கு.

இளைத்தவனுக்கு எள் என்று நெய்யும் எள்ளுருண்டையுமாக ஒரே நாளில் ஊட்டிவிடாதீர்கள். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென மாவுச்சத்து ஏறினால் ரத்தத்தில் பாஸ்பேட் இறங்கி இதயம் தடுமாறும். எவ்வளவில் ஆரம்பிப்பது என்பதை டாக்டர் சொல்லட்டும். அதன்பின் மூன்று வேளை சாப்பாடு, இடையில் மூன்று சிறு தீனி. நீங்களே பரிமாறி, அவங்கப்பாவும் கூட உட்காரட்டும்.

மனுவை அடுத்த மாதம் எழுதலாம். ஈசிஜி எடுத்ததும் எனக்கு எழுதுங்கள்.