மும்பையிலிருந்து சூரைக்குப் போகலாமா?

கேள்வி: செம்பூரில் இருக்கிறோம். எட்டு நண்பர்கள். இரண்டு வருடமாக உரண், அலிபாக் பாறைகளில் தூண்டில் போடுகிறோம். இப்போது சின்னதாக ஒரு கிளப் ஆரம்பித்து, டிசம்பரில் படகு எடுத்து ஆழ்கடலில் சூரை (டியூனா) பிடிக்க ஆசை. அந்தமானில் ஆள் உயரக் கேரைச் சூரையைத் தூக்கிப் பிடித்த வீடியோக்களைப் பார்த்துத்தான் இந்த ஆசை வந்தது. ஒருவர் 'ஒரே நாளில் போய் வந்துவிடலாம்' என்கிறார். எந்தக் கருவி வாங்குவது, எத்தனை மீன் எடுக்கலாம், என்னென்ன கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் அந்த 'ஒரே நாள்' கணக்கைப் பார்த்துவிடலாம். அந்தமானிலும் லட்சத்தீவிலும் கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனாலே அடி தெரியாத ஆழம். மும்பைக்கு வெளியே கடல் அப்படி இல்லை. இங்கே கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டி அதிக ஆழமில்லாமல் நீளும் கடலடித் தளம், மிக அகலம். கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மும்பை ஹை எண்ணெய் வயலிலேயே ஆழம் 75 மீட்டர் அளவுதான். கேரை, அதாவது மஞ்சள் துடுப்புச் சூரை, விரும்புகிற நீல நீரும் திட்டின் விளிம்பும் அதற்கும் அப்பால். 160 கிலோமீட்டர் என்றால் 86 கடல் மைல். 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) வேகத்தில் ஓடும் படகுக்குப் போகவே ஏழு மணி நேரம், திரும்ப ஏழு. தூண்டில் போடுவது எப்போது? இன்னொன்று, எண்ணெய் மேடைகளைச் சுற்றி 500 மீட்டர் பாதுகாப்பு வளையம் உண்டு. மேடையின் காலடியில் மீன் குவிந்திருக்கும் என்று யாராவது அழைத்தால் போகாதீர்கள்.

அப்படியானால் மும்பையில் சூரையே இல்லையா? இருக்கிறது, ஆனால் வேறு சூரை. இந்த வடமேற்குக் கரையோரத்தில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, நம் ஊர்களில் வெறுமனே சூரை என்றே சொல்வோமே, மார்புத் துடுப்புக்குக் கீழே நாலைந்து கரும்புள்ளி வைத்தாற்போல் இருக்கும், அது. இரண்டு மூன்று கிலோ சாதாரணம். இன்னொன்று நீளவால் சூரை. ஒல்லியான உடம்பு, வயிற்றில் நீளவாக்கில் வெளிறிய புள்ளிகள், பத்துக் கிலோவைத் தாண்டியும் வரும். கோலி மீனவர்கள் குப்பா என்றோ கேதர் என்றோ சொல்வார்கள். இரண்டும் கரையோரத் திட்டில் வாழ்பவைதான், ஆனால் கலங்கல் நீர் பிடிக்காது. அதனால் மும்பையில் சூரையைத் தேடுவது என்றால் முதலில் தெளிந்த நீரைத் தேடுவது. கரையிலிருந்து 20, 30 கடல் மைல் ஓடி, காவி நிறம் பச்சையாக மாறும் கோட்டைக் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. அந்தக் கோட்டில் வஞ்சிரம், கடல்விரால், சீலா, பாறை என்று வேறு மீனும் கிடைக்கும். நிஜமாகவே கேரைதான் வேண்டும் என்றால் காசு சேர்த்து இரண்டு வருடம் கழித்து லட்சத்தீவோ அந்தமானோ போங்கள். லட்சத்தீவுக்கு நுழைவு அனுமதி வாங்க வேண்டும், அதற்கே நாளாகும்.

நாள் குறிப்பதில்தான் வெளியூர்க்காரர்கள் ஏமாறுகிறார்கள். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நாலு ஐந்து மீட்டர் வித்தியாசம் வரும். அவ்வளவு தண்ணீர் ஓடினால் அடிச்சேறு எல்லாம் மேலே வந்துவிடும். கோலிகள் இதை உதாண் என்பார்கள். அஷ்டமியிலிருந்து ஏகாதசி வரையிலான நாட்கள் பாங், நீரோட்டம் மந்தம், தண்ணீரும் கொஞ்சம் தெளியும். நாங்கள் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமையைத் தேடுவதில்லை, திதியைத்தான் தேடுகிறோம். ஆபீஸ் லீவு அதற்குத் தகுந்தாற்போல் எடுத்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம். மழைக்காலத்துச் சேறு அடங்க அக்டோபர் கடைசி ஆகிவிடும், ஆகவே டிசம்பர் நல்ல யோசனைதான். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் மீன்பிடித் தடை. நாரளி பௌர்ணமி என்ற பண்டிகையில் கடலுக்குத் தேங்காய் விட்ட பிறகுதான் கோலிகளே முறையாகக் கடலுக்குப் போவார்கள். அதற்கு முன்னால் உங்களுக்கு மட்டும் படகு தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள்.

ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் கடல்மேல் வெப்பநிலையையும் பச்சையத்தின் அளவையும் செயற்கைக்கோளில் பார்த்து, மீன் கூடும் இடங்களைத் தினமும் தமிழ், மராத்தி உட்படப் பல மொழிகளில் அறிவிக்கிறது. இலவசம். அலை எச்சரிக்கையும் அங்கேயே வரும். அதைப் படிக்கக் கிளப்பில் ஒருவரைப் பழக்குங்கள். அந்த ஒருவர் 'வேண்டாம்' என்றால் பயணம் ரத்து, விவாதம் கிடையாது என்று முதல் நாளே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். 2017-இல் ஒக்கிப் புயலில் சிக்கிய குமரி, கேரளப் படகுகள் பல சிந்துதுர்க் மாவட்டக் கரைவரை வந்து ஒதுங்கின. பல நாள் கடலிலேயே கிடக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். வாரக்கடைசித் தூண்டில்காரர்கள் நாம்.

படகு எடுக்கும்போது கேட்க வேண்டியவை கொஞ்சம்தான், ஆனால் கேட்க வேண்டும். பயணிகளை ஏற்ற அனுமதி உள்ள படகா, இன்ஷூரன்ஸ் இருக்கிறதா, விஎச்எஃப் ரேடியோ வேலை செய்கிறதா? 16-ஆம் சேனலில் பேசிக் காட்டச் சொல்லுங்கள். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554 எல்லோர் போனிலும் இருக்கட்டும், ஆனால் கரை மறைந்தால் போன் சிக்னலும் மறையும் என்பதும் நினைவிருக்கட்டும். ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட். அது இருக்கைக்கு அடியில் அல்ல, உடம்பில் இருக்க வேண்டும். 2024 டிசம்பர் 18 அன்று கேட்வேயிலிருந்து எலிஃபன்டா போன படகில் கடற்படையின் வேகப்படகு மோதிப் பலர் இறந்ததை மும்பையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது கரை கண்ணில் தெரியும் தூரம். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு இந்தக் கடலில் சோதனைகளும் அதிகம், எனவே அசல் அடையாள அட்டையும் படகில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியலும் கையில் வேண்டும்.

கருவிக்கு வருவோம். வீடியோவில் பார்த்த பெரிய ரீலை வாங்கிக் காசைக் கடலில் போடாதீர்கள். இங்கே கிடைக்கும் சூரைக்கு 5000 அல்லது 6000 அளவு ஸ்பின்னிங் ரீல், 30 பவுண்டு பிரெய்டு (பின்னிய லைன்), அதன் முனையில் கட்ட 40 பவுண்டு ஃபுளோரோகார்பன் லீடர் போதும். 40 முதல் 60 கிராம் வரை ஒல்லியான மெட்டல் ஜிக் (உலோக மீன்பொம்மை), நெத்திலி அளவில். சூரை அந்தச் சமயத்தில் நெத்திலியைத் தின்றுகொண்டிருந்தால் சாண் நீள மீன்பொம்மையை ஏறிட்டும் பார்க்காது. கொக்கியை மாற்றுங்கள்: மூன்று முள் கொக்கியைக் கழற்றிவிட்டு ஒற்றைக் கொக்கி போட்டு, அதன் தாடியை, அதாவது பின்னோக்கி நீட்டியிருக்கும் சின்னக் கூரை, குறட்டால் நசுக்கிவிடுங்கள். மீன் கொஞ்சம் தப்பும், பரவாயில்லை. ஆடும் படகில் எட்டுப் பேருக்கு நடுவே அந்தக் கொக்கி யார் கையில் ஏறினாலும் சுலபமாக வெளியே வரும்.

டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது லைனை நழுவவிடும் ரீலின் பிடியை, கையால் இழுத்துப் பார்த்து 'சரியா இருக்கு' என்பது பழைய வழக்கம். பெட்டி எடை பார்க்கும் சின்னத் தராசு ஒன்று வாங்கி, லைனின் நுனியில் மாட்டி இழுங்கள். 30 பவுண்டு என்றால் ஏறத்தாழ 13.6 கிலோ, அதில் கால் பங்கு 3.4. தராசு 3.4 காட்டும்போது ஸ்பூல் (லைன் சுற்றிய உருளை) நழுவ வேண்டும். இதைவிடத் தளர்வாக வைத்தால் சண்டை இழுத்துக்கொண்டே போகும், மீன் சோர்ந்து செத்தே வரும். அப்புறம் அதை விடுவிப்பதில் என்ன புண்ணியம்?

கடலில் ஆலாப் பறவைகள் கூட்டமாகத் தலைகுப்புற விழுவதைப் பார்த்ததும் படகோட்டி நேராக அதற்குள் விடப் பார்ப்பார். விடாதீர்கள். மீன்கூட்டம் ஆழத்துக்கு இறங்கிவிட்டால் அன்றைய ஆட்டம் முடிந்தது. காற்று வரும் பக்கமாகச் சுற்றிப் போய், இன்ஜினை அடக்கி, வீசும் தூரத்தில் நின்று எறியுங்கள். கரைப்பக்கம் கோலிகளின் டோல் வலைகள் (பைவலைகள்) நீரோட்டத்துக்கு எதிரே நங்கூரமிட்டுக் கிடக்கும், மேலே மிதவைகள்தான் தெரியும். அவற்றில் படகைக் கட்டுவதும், அவற்றின் மேலே தூண்டிலை இழுத்துப் போவதும் பிழைப்பில் கை வைக்கிற வேலை.

எத்தனை மீன் எடுக்கலாம் என்று கேட்டீர்களே, என் அளவுகோல் இது: இரண்டு பேருக்கு ஒரு சூரை, அதற்கு மேல் வேண்டாம், விற்கவே கூடாது. நீங்கள் எட்டுப் பேர், நாலு மீன். இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 2015-இலிருந்து பல வருடம் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டது என்று சொல்லிவந்த கேரை, 2024 மதிப்பீட்டில் தேறியிருக்கிறது. ஆனால் யாரும் வீடியோ எடுத்துப் போடாத நீளவால் சூரையின் நிலைதான் அண்மை மதிப்பீடுகளில் கவலை தருவதாக இருக்கிறது. நம் கைக்கு எட்டுவது அதுதான். ஆமை, திமிங்கிலச் சுறா, ஓங்கில் (டால்பின்) எதுவும் பக்கத்தில் வந்தால் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். மூன்றுமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை.

விடப்போகும் மீனைப் படம் எடுப்பதற்காகச் சூடான தளத்தில் கிடத்தாதீர்கள். சூரைக்கு நின்ற இடத்தில் மூச்சு விடத் தெரியாது. வாயைத் திறந்தபடி நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளில் தண்ணீர் ஓடும். அதனால் வாலைப் பிடித்து ஆட்டி ஆட்டி உயிர்ப்பிக்கிற வேலை இதற்கு உதவாது. ஈரக்கையில் எடுத்து, கொக்கியைக் கழற்றி, தலை கீழ்நோக்கி இருக்க, ஈட்டி எறிவதுபோல் நீருக்குள் எறியுங்கள். அந்த வேகத்தில் மூச்சு பிடித்துக்கொள்ளும். செவுளிலிருந்து ரத்தம் வந்தால் பிழைக்காது, அதை உங்கள் நாலில் ஒன்றாகக் கணக்கு வையுங்கள்.

ஐஸ் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நானே பட்டவன். ஏழெட்டு வருடம் இருக்கும், ஏப்ரல் மாதம். மூன்று கிலோவில் இரண்டு சூரை. ஐஸ் பெட்டியில் பாட்டில்களை நிரப்பியிருந்தோம், மீனை ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் போட்டோம். நிழல்தானே, சாக்கும் ஈரம்தானே என்று நினைப்பு. மத்தியானம் வரை அப்படியே கிடந்தது. வீட்டில் புளிக்குழம்பு. வாசனையில் ஒரு குறையும் இல்லை, நாக்கில் மட்டும் மிளகு கடித்த மாதிரி ஒரு சுரீர். முக்கால் மணி நேரத்தில் ஆறு பேருக்கும் காது சிவந்து, முகம் எரிந்து, தலைவலி. டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "என்ன மீன்?" ஊசி போட்டார், மாலைக்குள் சரியானது.

காரணம் ஹிஸ்டமின். சூரையின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். மீன் சூட்டில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒரு தடவை உண்டாகிவிட்டால் கொதிக்கவைத்தாலும், வறுத்தாலும், மறுபடி ஐஸில் போட்டாலும் போகாது. மற்ற மீனைவிட இதற்கு ஆபத்து கூட, ஏனென்றால் சூரையின் உடம்புச் சூடு சுற்றியுள்ள நீரைவிட அதிகம், இழுத்துப் போராடியபின் இன்னும் ஏறியிருக்கும். எனவே மீன் படகுக்கு வந்ததும் மண்டையில் ஒரே அடி. மார்புத் துடுப்புக்கு இரண்டு விரல் பின்னால் இரு பக்கமும் கத்தியால் சின்ன வெட்டு, செவுளிலும் ஒரு வெட்டு. ரத்தம் வடிந்ததும் குடலையும் செவுளையும் எடுத்துவிட்டு ஐஸ் கூழில் இறக்குங்கள். கூழ் என்றால் இரண்டு பங்கு உடைத்த ஐஸுக்கு ஒரு பங்கு கடல்நீர். வெறும் ஐஸ் கட்டி மேலே மட்டும் தொடும், கூழ் எல்லாப் பக்கமும் போர்த்திக்கொள்ளும். கிலோ மீனுக்குக் கிலோ ஐஸாவது வேண்டும், மும்பை வெயிலில் இன்னும் அதிகமாகவே வையுங்கள். குடிக்கிற தண்ணீருக்கு வேறு பெட்டி.

கிளப்புக்கு வருகிறேன். முதல் இரண்டு மாதம் படகே வேண்டாம். ஏதாவது மைதானத்தில் கொக்கி இல்லாமல் வெறும் ஈயக்குண்டு கட்டி வீசப் பழகுங்கள், தரையில் ஒரு டயரைப் போட்டு அதற்குள் விழவைக்க வேண்டும். பிரெய்டையும் லீடரையும் இணைக்கும் எஃப்ஜி முடிச்சை வீட்டில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து எல்லோரும் போட்டுவிடுவார்கள். ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியை ஆட்ட, அதில் உட்கார்ந்து போடச் சொல்லுங்கள், அப்போது தெரியும். அறுந்த லைனை ஒரு பழைய பாட்டிலில் சேர்த்து வீட்டுக்கு எடுத்துவரும் பழக்கத்தை உரண் பாறையிலேயே ஆரம்பிக்கலாம். ஒரு நோட்டு போடுங்கள்: தேதி, திதி, தண்ணீரின் நிறம், எந்த மீன், நீளம், எடுத்ததா விட்டதா. மூன்று சீசன் எழுதினால் உங்களுக்கென்று ஒரு கடல் வரைபடம் கிடைத்துவிடும். எவரும் காசுக்குத் தரமாட்டார்கள் அதை.

இரண்டு மாதம் முடிந்ததும் ஒரு பாங் நாளில் அலிபாக் அருகே உள்ள காந்தேரித் தீவுப் பக்கம் அரை நாள் போய் வாருங்கள். யாருக்கெல்லாம் வாந்தி வருகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். அதன்பின் 20 மைல். ஐஸை முந்தின நாள் மாலையே சொல்லிவையுங்கள். மும்பையின் மீன் துறைகளான சசூன் டாக்கிலானாலும் பாவுசா தக்காவிலானாலும் விடியற்காலையில் ஐஸுக்கு நிற்பவர்கள் தொழிலுக்குப் போகிறவர்கள், அவர்களுக்குப் போக மிஞ்சியதுதான் உங்களுக்கு.